கேஷ் போட்டும் கோப்பு தாமதமாக வருகிறதா? அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிக்கும் வழி

மூலச் சர்வருக்கு (கோப்புகள் உண்மையில் இருக்கும் சர்வர்) முன்னால் கேஷ் (கோப்புகளின் பிரதியைச் சேமித்து வைத்து வழங்கும் அடுக்கு) வைத்தாயிற்று. ஆனாலும் பதிவிறக்கம் ஊர்கிறது, அல்லது பழைய கோப்பே வருகிறது, அல்லது மூலச் சர்வர் முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. எது நடந்தாலும் முதலில் கை போவது கேஷை முழுக்கத் துடைக்கத்தான். அதை மட்டும் செய்யாதீர்கள். துடைத்தால் தடயம் போய்விடும், எல்லாக் கோரிக்கையும் ஒரே நேரத்தில் மூலச் சர்வர் தலையில் விழும், அரை மணி நேரத்தில் அதே பிழை திரும்பவும் வந்து நிற்கும்.

இங்கே சொல்வது என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளை ரிவர்ஸ் புராக்சி கேஷாக (மூலச் சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும் கேஷ்) வைத்துப் படங்கள், நிறுவல் கோப்புகள், காணொளிகளை வழங்கும் அமைப்புக்கு. வார்னிஷ், ஸ்க்விட், வாடகை சிடிஎன் (பல ஊர்களில் கேஷ் வைத்து வழங்கும் சேவை) என்று வேறு எதை வைத்திருந்தாலும் காரணங்கள் பெரும்பாலும் இவையே, பெயர்கள்தான் மாறும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். ‘புராக்சி கேஷ் லாக்’ என்று இருந்தால், அமைப்புக் கோப்பில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

## எதையும் மாற்றும் முன்: யார் பதில் சொன்னது?

கேஷ் பிழைகளில் பாதி, பதில் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்றே தெரியாமல் துழாவுவதால் நீள்கின்றன. அதனால் முதல் வேலை, பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் லாக் ஃபார்மட் வரியில் நான்கு மாறிகளைச் சேர்ப்பது: அப்ஸ்ட்ரீம் கேஷ் ஸ்டேட்டஸ், ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம், பாடி பைட்ஸ் சென்ட். கூடவே, கேஷ் நிலையை ‘எக்ஸ்-கேஷ்-ஸ்டேட்டஸ்’ என்ற தலைப்பாக (ஹெடர்) பதிலிலும் அனுப்புங்கள். அந்த ஆட் ஹெடர் வரியின் கடைசியில் ‘ஆல்வேஸ்’ சேர்த்தால்தான் 404, 502 பதில்களிலும் அது தெரியும்.

சர்வர் தொகுதியில் எழுதிய தலைப்பு சில முகவரிகளில் மட்டும் காணாமல் போனால் பதற வேண்டாம். ஒரு லொக்கேஷன் தொகுதிக்குள் வேறு ஏதாவது ஒரு ஆட் ஹெடர் இருந்தாலே, மேலே எழுதிய ஆட் ஹெடர்கள் எதுவும் அங்கே இறங்காது. உள்ளேயும் ஒருமுறை எழுதுங்கள்.

நிலைகளைப் படிக்கும் விதம்: ‘ஹிட்’ என்றால் வட்டிலிருந்து வந்தது. ‘மிஸ்’ என்றால் கேஷில் இல்லை. ‘எக்ஸ்பயர்ட்’ என்றால் இருந்தது, காலாவதியாகிப் புதிதாக எடுத்து வந்தது. ‘ரீவேலிடேட்டட்’ என்றால் காலாவதியானாலும் மூலச் சர்வரிடம் கேட்டுப் பார்த்து, மாறவில்லை என்று 304 வாங்கியது. ‘ஸ்டேல்’, ‘அப்டேட்டிங்’ இரண்டும் பழைய பிரதி. ‘பைபாஸ்’ என்றால் நீங்களே கேஷைத் தாண்டச் சொல்லியிருக்கிறீர்கள். பதிவேட்டில் வெறும் சிறுகோடு மட்டும் நின்றால் அந்தக் கோரிக்கை கேஷ் பக்கமே போகவில்லை: தவறான லொக்கேஷன் பொருந்தியிருக்கிறது, அல்லது அங்கே புராக்சி கேஷ் வரியே இல்லை.

கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியை வைத்துச் சோதிக்கும்போது, பெரிய ‘ஐ’ விருப்பத்தைப் போட்டு, தலைப்பை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கை அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். என்ஜின்எக்ஸ் கேஷ் இயல்பாக ஹெட்டை, முழுக் கோப்பைக் கேட்கும் கெட்டாக மாற்றித்தான் மூலச் சர்வரிடம் கேட்கும். 4 ஜிபி கோப்பின் தலைப்பை மட்டும் பார்க்கலாம் என்று நினைத்து அடித்தால், பின்னால் 4 ஜிபி முழுவதும் இறங்க ஆரம்பித்துவிடும். சின்னக் கோப்பு ஒன்றை எடுத்து, சாதாரண கெட் கோரிக்கை அனுப்பி, உடலை எங்கும் சேமிக்காமல் தள்ளிவிட்டு, தலைப்புகளையும் நேரங்களையும் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். பெயர் தேடல், இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல், முதல் பைட், மொத்தம் என்று ஐந்து நேரங்கள் போதும். ஒரே முகவரிக்கு மூன்று முறை அடியுங்கள். ஒரு முறை அடித்து முடிவுக்கு வருவது எப்போதும் வம்பு.

## அறிகுறி 1: எத்தனை முறை கேட்டாலும் மிஸ்

பதிலைச் சேமிக்கலாமா, எவ்வளவு நேரம் என்பதை என்ஜின்எக்ஸ் ஒரு வரிசையில் தீர்மானிக்கிறது. மூலச் சர்வர் அனுப்பும் ‘எக்ஸ்-ஆக்சல்-எக்ஸ்பயர்ஸ்’ முதலில். அது இல்லாவிட்டால் ‘கேஷ்-கன்ட்ரோல்’, ‘எக்ஸ்பயர்ஸ்’. இவை எதுவும் இல்லாவிட்டால்தான், அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிய புராக்சி கேஷ் வேலிட் (எவ்வளவு நேரம் சேமிப்பது என்ற வரி). ‘30 நாள் என்று எழுதியும் சேமிக்கவில்லையே’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை இதுதான்: மூலச் சர்வர் ‘பிரைவேட்’, ‘நோ-ஸ்டோர்’, ‘மேக்ஸ்-ஏஜ்=0’ என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, உங்கள் 30 நாளை யாரும் கேட்கவில்லை. கேஷைத் தாண்டி மூலச் சர்வரை நேராகக் கேட்டு (கர்லில் ரிசால்வ் விருப்பம்) அந்தத் தலைப்புகளைப் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் ‘செட்-குக்கி’. இந்தத் தலைப்பு உள்ள பதிலை என்ஜின்எக்ஸ் சேமிக்காது; அது சரியான முடிவும்கூட. ஆனால் பல வலைச் செயலிகள் ஒரு சின்ன லோகோ படத்துக்குக்கூட செஷன் தொடங்கி குக்கி ஒட்டி அனுப்புகின்றன. மருந்து மூலச் சர்வரில்தான்: நிலையான கோப்புகளுக்குச் செயலியைத் தொடாத தனிப் பாதை அமைக்க வேண்டும். அது உங்கள் கையில் இல்லாவிட்டால், அந்த லொக்கேஷனுக்கு மட்டும் புராக்சி இக்னோர் ஹெடர்ஸில் செட்-குக்கியைப் போடலாம். கூடவே புராக்சி ஹைட் ஹெடரிலும் அதைப் போட்டே ஆக வேண்டும். முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை மறந்தால், முதலில் வந்தவருடைய செஷன் குக்கி கேஷில் உட்கார்ந்து, பின்னால் வரும் அத்தனை பேருக்கும் விநியோகமாகும். அறிகுறி 7ஐ நீங்களே வரவழைத்தது போல.

மூன்றாவது, கேஷ் கீ, அதாவது சேமித்த ஒவ்வொரு பிரதிக்கும் உள்ள அடையாளச் சரம். இயல்பான கீயில் ஸ்கீம், புராக்சி ஹோஸ்ட், கேள்விக்குறிக்குப் பின்னுள்ளதோடு சேர்த்து முழு முகவரி ஆகியவை உண்டு. விளம்பர இணைப்புகளில் தொங்கும் யூடிஎம் வால் (எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் குறி) மாறினால் கீயும் மாறும். ஒரே படம் நூறு பிரதியாகச் சேமிக்கப்படும், ஒவ்வொன்றும் முதல் முறை மிஸ். கையொப்பமிட்ட இணைப்புகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஆளுக்கொரு டோக்கன். டோக்கனைக் கேஷ் சர்வரிலேயே செக்யூர் லிங்க் மூலம் சரிபார்த்துவிட்டு, கீயில் பாதையை மட்டும் வையுங்கள். சரிபார்க்காமல் கீயிலிருந்து மட்டும் டோக்கனை எடுத்தால், பூட்டிய கோப்பைத் தெருவில் வைத்த கதை.

மற்றவை சுருக்கமாக:

- புராக்சி பஃபரிங் ஆஃப் என்று இருந்தால் கேஷ் நடக்கவே நடக்காது. மூலச் சர்வர் ‘எக்ஸ்-ஆக்சல்-பஃபரிங்: நோ’ அனுப்பினாலும் அதே விளைவு.
- ‘வேரி’ என்பது, கோரிக்கையின் எந்தத் தலைப்பைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் தலைப்பு. ‘வேரி: *’ உள்ள பதில் சேமிக்கப்படாது. ‘வேரி: யூசர்-ஏஜென்ட்’ இருந்தால் சேமிக்கப்படும், ஆனால் உலாவிப் பதிப்புக்கு ஒரு பிரதி. கிட்டத்தட்ட மிஸ்தான்.
- புராக்சி கேஷ் வேலிட்டில் நேரத்தை மட்டும் எழுதினால் 200, 301, 302 ஆகியவற்றுக்கே பொருந்தும். 206ம் 404ம் அதில் அடங்காது.
- மின் யூசஸ் (எத்தனை முறை கேட்டால் சேமிப்பது) 2 என்றால் முதல் இரண்டு கோரிக்கையும் மிஸ்; மூன்றாவதில்தான் ஹிட். இது பிழை இல்லை. அதனால்தான் மூன்று முறை அடிக்கச் சொன்னோம்.

## அறிகுறி 2: காலையில் ஹிட், மத்தியானம் அதே கோப்பு மிஸ்

இது தனி இனம். காரணத்தை ஒரே சொல்லில் சொல்லலாம்: இன்ஆக்டிவ்.

ஒரு கோப்பு கேஷில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை மூன்று கடிகாரங்கள் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. கேஷ்-கன்ட்ரோலும் கேஷ் வேலிட்டும் சொல்வது, ‘இந்தப் பிரதி எவ்வளவு நேரம் புதியது’ என்பதை. புராக்சி கேஷ் பாத் வரியில் உள்ள இன்ஆக்டிவ் சொல்வது, ‘யாரும் கேட்காமல் எவ்வளவு நேரம் கிடந்தால் எடுத்து எறியலாம்’ என்பதை. மேக்ஸ் சைஸ் சொல்வது, ‘இடம் நிரம்பினால் நீண்ட நாள் தொடாததை எறி’ என்பதை. இரண்டாவது கடிகாரம் முதலாவதைப் பார்க்கவே பார்க்காது. இன்ஆக்டிவ்வின் இயல்பு மதிப்பு 10 நிமிடம். கோப்பு ஒரு வருடம் செல்லும் என்று மூலச் சர்வர் சத்தியம் செய்தாலும், 10 நிமிடம் யாரும் கேட்காவிட்டால் அது வட்டிலிருந்து போய்விடும். பகலில் ஆள் நடமாட்டம் உள்ள தளத்தில் இது வெளியே தெரியாது. இரவு தாண்டியதும் எல்லாம் மிஸ் ஆகும்.

நிறுவல் கோப்பு, காணொளி போன்ற நிலையான பொருள்களுக்கு இன்ஆக்டிவ்வை 7 முதல் 30 நாள் வையுங்கள். எவ்வளவு இடம் தாங்கும் என்ற கவலையை மேக்ஸ் சைஸ் பார்த்துக்கொள்ளும்.

அதையும் சரிசெய்த பிறகு கோப்புகள் மறைந்தால், கீஸ் சோனைப் பாருங்கள். கோப்பு வட்டில் இருந்தாலும் அதன் குறிப்பு பகிர்வு நினைவகத்தில் இருக்க வேண்டும். 1 எம்பிக்கு ஏறக்குறைய 8,000 கீ கொள்ளும். 12 லட்சம் படங்கள், சராசரி 60 கேபி என்று வைத்துக்கொண்டால் வட்டில் 72 ஜிபி. கீஸ் சோனுக்கு 150 எம்பி வேண்டும். எங்கிருந்தோ நகலெடுத்த மாதிரியில் 10 எம்பி என்று இருந்தால் 80,000 படங்களுக்கு மேல் நிற்காது. வட்டில் 65 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கும்; நீங்களோ மேக்ஸ் சைஸை ஏற்றிக்கொண்டே இருப்பீர்கள். பிழைப் பதிவேட்டில் ‘கேஷ் கீஸ் சோனில் இடம் ஒதுக்க முடியவில்லை’ என்ற பொருளில் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

மேக்ஸ் சைஸ் கறாரான எல்லையும் இல்லை. துப்புரவு செய்யும் கேஷ் மேனேஜர் இடைவெளி விட்டு விட்டுத்தான் வேலை பார்க்கும். அதற்குள் வரத்து அதிகமானால் எல்லையைத் தாண்டும். வட்டின் கொள்ளளவில் 80 முதல் 85% வரை கொடுங்கள். 1.19.1 பதிப்பு முதல் உள்ள மின் ஃப்ரீ அளவையும் எழுதிவைத்தால், மற்ற நிரல்கள் வட்டை நிரப்பினாலும் கேஷ் ஒதுங்கி வழிவிடும்.

தேடுபொறி ரோபோ ஒன்று பழைய படங்களையெல்லாம் ஒரு சுற்று கேட்டுவிட்டுப் போனால், நாளும் தேவைப்படும் கோப்புகள் வெளியே தள்ளப்படும். இதற்கு மின் யூசஸ் 2 நல்ல வேலி. அகமாய் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் சர்வர் தொகுதியில் கேட்கப்பட்ட பொருள்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே ஒரு முறைதான் கேட்கப்பட்டது என்று காட்டினார்கள். இரண்டாம் முறை கேட்டால் மட்டும் வட்டில் எழுதுவது அவர்களுக்கே லாபமாக இருந்தது.

## அறிகுறி 3: கோப்பை மாற்றியாயிற்று, மக்களுக்குப் பழையதே வருகிறது

பழைய பிரதி எங்கே உட்கார்ந்திருக்கிறது? உலாவி, அலுவலகப் புராக்சி, சிடிஎன் முனை, உங்கள் என்ஜின்எக்ஸ், செயலிக்குள் இருக்கும் ரெடிஸ் (நினைவகத் தரவுக் கிடங்கு) என ஐந்து இடங்கள் இருக்கலாம். உள்ளிருந்து வெளியே போங்கள்: மூலச் சர்வரைக் கேளுங்கள், பிறகு என்ஜின்எக்ஸை, பிறகு சிடிஎன்னை. ‘ஈடேக்’கும் (கோப்பின் பதிப்பு அடையாளம்) ‘லாஸ்ட்-மாடிஃபைட்’டும் (கடைசியாக மாறிய நேரம்) எந்த அடுக்கில் பழையதாக மாறுகின்றனவோ, குற்றவாளி அங்கே. மூன்றும் புதியதாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் பழையது வந்தால் அவருடைய உலாவிதான்.

கேஷ்-கன்ட்ரோலே அனுப்பாவிட்டால் யாரும் சேமிக்க மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. வாழ்நாள் சொல்லப்படாத பதிலுக்கு உலாவி தானே ஒரு கணக்குப் போடலாம் என்று எச்டிடிபி விதி (ஆர்எஃப்சி 9111) அனுமதிக்கிறது. வழக்கமான கணக்கு, கடைசியாக மாறியதிலிருந்து கழிந்த காலத்தில் 10%. 100 நாளாகத் தொடாத கோப்பை உலாவி 10 நாள் வரை உங்களைக் கேட்காமலே காட்டலாம்.

இன்னொரு நிரந்தரக் குழப்பம்: ‘நோ-கேஷ்’ என்றால் சேமிக்காதே என்று பொருளில்லை. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு என்பதே அதன் பொருள். சேமிக்கவே கூடாது என்றால் ‘நோ-ஸ்டோர்’.

நிலையான மருந்து, கோப்பின் பெயரிலேயே உள்ளடக்க ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, அது மாறினால் மாறும் குறியீடு) சேர்ப்பது. அந்தக் கோப்புகளுக்கு ‘மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்’; அவற்றைச் சுட்டும் எச்டிஎம்எல் பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’. வெளியிடும் வரிசையும் முக்கியம்: புதிய கோப்புகள் முதலில் ஏறட்டும், எச்டிஎம்எல் கடைசியில். பழைய கோப்புகளை ஒரு வாரமாவது விட்டுவையுங்கள்; திறந்த பக்கத்தோடு தூங்கப் போனவர்கள் மறுநாள் அவற்றைத்தான் கேட்பார்கள்.

ஒரே ஒரு கோப்பை மட்டும் அவசரமாக நீக்க வேண்டுமா? புராக்சி கேஷ் பர்ஜ் கட்டளை என்ஜின்எக்ஸின் வணிகப் பதிப்பில்தான் இருக்கிறது. இலவசப் பதிப்பில் கையால் செய்யலாம். கேஷ் கீயை எடுத்து எம்டி5 ஹாஷ் போடுங்கள்; அதுதான் வட்டில் கோப்பின் பெயர். லெவல்ஸ் 1:2 என்று வைத்திருந்தால், ஹாஷின் கடைசி எழுத்து முதல் அடைவு, அதற்கு முந்தைய இரண்டு எழுத்து அதனுள் அடுத்த அடைவு. ஹாஷ் போடும்போது கீயின் முடிவில் புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டால் வேறு ஹாஷ் வரும். எக்கோ கட்டளையில் சிறிய ‘என்’ விருப்பத்தைப் போடுங்கள். எத்தனையோ பேர் ‘கோப்பே இல்லையே’ என்று திகைத்து நிற்பது இந்த ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்தால்தான். ‘வேரி’ உள்ள பதில்களின் பிரதிகள் வேறு பெயரில் இருக்கும். அப்போது கேஷ் கோப்புகளின் தொடக்கத்தில் வெறும் எழுத்தாகவே இருக்கும் கீ வரியை கிரெப் (எழுத்துத் தேடும் கட்டளை) போட்டுத் தேடுவதே வழி.

பல அடுக்கு இருந்தால் உள் அடுக்கை முதலில் துடையுங்கள். வெளி அடுக்கை முதலில் துடைத்தால், அது உள்ளே இருக்கும் பழைய பிரதியை எடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளும்.

கோப்பை ஏற்றிய பிறகும் 404 வருவது இதே குடும்பம். கேஷ் வேலிட்டில் ‘எனி 10 நிமிடம்’ என்று எழுதியிருப்பீர்கள். ஏற்றுவதற்கு ஒரு நொடி முன் யாரோ கேட்டிருப்பார். 404க்குத் தனியாக 10 விநாடி முதல் 1 நிமிடம் வரை போதும்.

## அறிகுறி 4: காலாவதியாகும் நொடியில் மூலச் சர்வர் விழுகிறது

நிறைய பேர் கேட்கும் கோப்பு காலாவதியானதும், அந்த நொடியில் வந்த 500 கோரிக்கையும் ஒரே கோப்புக்காக மூலச் சர்வருக்கு ஓடும். கேஷில் இன்னும் இல்லாத கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் கேட்டாலும் இதே கதை. அதற்குப் புராக்சி கேஷ் லாக் (பூட்டு) ஆன் என்று எழுதினால் ஒன்று மட்டும் போகும், மற்றவை காத்திருக்கும். காலாவதியான பிரதிக்கு இந்தப் பூட்டு உதவாது; அதற்குக் கீழே சொல்லும் ‘அப்டேட்டிங்’ வேண்டும்.

இத்தோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். லாக் டைம்அவுட் இயல்பாக 5 விநாடி. மூலச் சர்வரிலிருந்து கோப்பு முழுதாக வர 40 விநாடி ஆகுமென்றால், ஆறாவது விநாடியில் காத்திருந்த 499 பேரும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள்; அவர்கள் கொண்டுவரும் பதில் கேஷில் சேமிக்கப்படவும் செய்யாது. லாக் டைம்அவுட், லாக் ஏஜ் இரண்டையும், கோப்பு முழுதாக வர ஆகும் நேரத்தைவிட அதிகமாக வையுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: காத்திருக்கும் கோரிக்கைகள் 500 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் பூட்டு திறந்ததா என்று எட்டிப் பார்க்கின்றன. 30 மில்லிவிநாடியில் வர வேண்டிய சின்னப் படம், அவ்வப்போது சரியாக அரை விநாடி தாமதமாவதைப் பதிவேட்டில் கண்டால் காரணம் இதுதான். அதற்காகப் பூட்டை எடுத்துவிட வேண்டாம். காலாவதியான பிரதிகளுக்கு, புராக்சி கேஷ் யூஸ் ஸ்டேலில் (எப்போது பழைய பிரதியைக் கொடுக்கலாம் என்ற வரி) ‘அப்டேட்டிங்’ சேர்த்து, கேஷ் பேக்கிரவுண்ட் அப்டேட்டை ஆன் செய்யுங்கள். காலாவதியானதும் எல்லோருக்கும் பழைய பிரதி உடனே போகும். புதுப்பித்தல் பின்னணியில் நடக்கும். கேஷ் ரீவேலிடேட்டும் ஆனில் இருந்தால், மாறாத கோப்புக்கு 304 மட்டுமே வந்து போகும்.

## அறிகுறி 5: காணொளியை நடுவில் தள்ளினால் உறைகிறது, பெரிய கோப்பு தொடங்கவே நேரமாகிறது

கேஷ் ஆன் ஆனதும் என்ஜின்எக்ஸ், பயனர் அனுப்பிய ‘ரேஞ்ச்’ தலைப்பை (கோப்பின் எந்தப் பகுதி வேண்டும் என்பது) மூலச் சர்வருக்கு அனுப்பாது. முழுக் கோப்பைக் கேட்கும். பயனர் 900ஆவது எம்பியிலிருந்து வேண்டும் என்கிறார். கேஷ் 0விலிருந்து இறக்கி அந்த இடத்துக்கு வரும் வரை அவர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பூட்டும் ஆனில் இருந்து, லாக் டைம்அவுட்டையும் உயர்த்தியிருந்தால், இரண்டாவதாக வந்தவருக்கு முழு 2 ஜிபியும் இறங்கி முடியும் வரை ஒரு பைட்டும் கிடைக்காது.

விடை, கோப்பைத் துண்டுகளாக எடுத்துச் சேமிக்கும் ஸ்லைஸ் தொகுதிக்கூறு. மூலநிரலிலிருந்து நீங்களே கட்டினால் இது இயல்பாகச் சேராது. தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பெரிய ‘வி’ விருப்பத்தோடு என்ஜின்எக்ஸை ஓட்டிக் கட்டுமான விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நான்கு மாற்றங்கள், நான்கும் சேர்ந்தே வேண்டும்:

1. ஸ்லைஸ் அளவு. காணொளிக்கு 1 அல்லது 2 எம்பி, நிறுவல் கோப்புக்கு 4 முதல் 10 எம்பி.
2. கேஷ் கீயின் முடிவில் ஸ்லைஸ் ரேஞ்ச் மாறி. இதை மறந்தால் எல்லாத் துண்டுக்கும் ஒரே கீ. கோப்பு சிதைந்துதான் வரும்.
3. மூலச் சர்வருக்குப் போகும் ரேஞ்ச் தலைப்பில் அதே மாறி.
4. கேஷ் வேலிட்டில் 200உடன் 206.

கணக்கையும் மறக்க வேண்டாம். 4 ஜிபி கோப்பை 1 எம்பியாக வெட்டினால் 4,096 துண்டு, 4,096 கீ. இப்படி 200 கோப்பு என்றால் 8 லட்சம் கீக்கு மேல், கீஸ் சோன் 100 எம்பியைத் தாண்டும். 8 எம்பியாக வெட்டினால் ஒரு லட்சத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் புதிய டிசிபி இணைப்பு போடாமல் இருக்க, அப்ஸ்ட்ரீம் தொகுதியில் கீப்அலைவ், புராக்சி எச்டிடிபி வெர்ஷன் 1.1, வெற்று ‘கனெக்ஷன்’ தலைப்பு ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டியதால் கிடைத்த லாபம் கைகுலுக்கலிலேயே கரையும்.

பதிவிறக்கம் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓரிடத்தில் அறுந்தால், பிழைப் பதிவேட்டில் ஸ்லைஸ் பதிலின் ஈடேக் பொருந்தவில்லை என்ற வரியைத் தேடுங்கள். இரண்டு மூலச் சர்வர்கள் ஒரே கோப்புக்கு வேறு வேறு ஈடேக் தருகின்றன. என்ஜின்எக்ஸ் மூலச் சர்வராக இருந்தால் ஈடேக்கை மாற்ற நேரம், அளவு இரண்டிலிருந்து செய்கிறது. ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) செய்யும்போது நேரத்தைக் காக்கும் ‘டி’ விருப்பம் விடுபட்டால் சர்வருக்கு ஒரு ஈடேக் ஆகிவிடும். 2.4க்கு முந்தைய அப்பாச்சி சர்வர், ஐநோடு எண்ணையும் (வட்டில் கோப்புக்குள்ள உள் எண்) சேர்த்துக்கொள்ளும் என்பதால் அங்கே பொருந்தவே பொருந்தாது. அதே பெயரில் கோப்பை மேலெழுதுவதும் இதே பிழையைத் தரும்: முதல் துண்டுகள் பழையதிலிருந்தும் மீதி புதியதிலிருந்தும் வரும். பெரிய கோப்புகளை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். பதிப்பு எண்ணோடு புதுப் பெயர் கொடுங்கள்.

## அறிகுறி 6: ஹிட் என்கிறது, ஆனாலும் மெதுவாக வருகிறது

கர்ல் காட்டிய நேரங்களுக்குத் திரும்புங்கள்.

இணைப்பு நேரமே பெரிதாக இருந்தால் தூரம்தான் காரணம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது; 1,000 கிலோமீட்டருக்குப் போய்வர குறைந்தது 10 மில்லிவிநாடி. எந்த அமைப்பாலும் இதைக் குறைக்க முடியாது. கேஷைப் பயனருக்குப் பக்கத்தில் கொண்டுபோவது ஒன்றே வழி. சுற்று நேரம் 200 மில்லிவிநாடி, டிசிபி சாளரம் (ஒப்புதல் வராமல் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய அளவு) 64 கேபி என்றால், குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் விநாடிக்கு 320 கேபிக்கு மேல் ஒரு இணைப்பில் வராது. 1 ஜிபிக்குக் கிட்டத்தட்ட 55 நிமிடம். சுற்று நேரம் 10 மில்லிவிநாடி ஆனால் அதே கோப்பு 3 நிமிடத்துக்குள். இன்றைய இயங்குதளங்கள் சாளரத்தை விரிக்கும். ஆனால் வழியில் ஒரு பழைய ஃபயர்வால் அந்த விருப்பத்தை உரித்துவிட்டால் 64 கேபியிலேயே நிற்கும். வேகம் எப்போதும் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இணைப்பு வேகம், முதல் பைட் தாமதம் என்றால் வட்டு. ஐயோஸ்டாட் (வட்டின் பளுவைக் காட்டும் கட்டளை) போட்டுக் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். பயனர்கள் பெருகும்போது எல்லோருக்கும் சேர்ந்து தடுமாறினால், ஒரு வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் என்ஜின்எக்ஸ் செயல்முறை) வட்டிலிருந்து படிக்கும்போது அதன் மற்ற இணைப்புகளும் நிற்கின்றன என்று பொருள். ஏஐஓ த்ரெட்ஸ் எழுதினால் படிக்கும் வேலை தனி இழைகளுக்குப் போய்விடும்.

புதுக் கோப்பு சேரும் நேரத்தில் மட்டும் வட்டு திணறினால், தற்காலிக அடைவும் கேஷ் அடைவும் வேறு வேறு வட்டில் உள்ளனவா என்று பாருங்கள். ஒரே வட்டு என்றால் வெறும் பெயர் மாற்றம். வேறு வட்டு என்றால் 2 ஜிபியும் இரண்டாம் முறை நகலெடுக்கப்படும். கேஷ் பாத் வரியில் ‘யூஸ் டெம்ப் பாத் = ஆஃப்’ சேர்த்தால் தீர்ந்தது.

முதல் பைட்டும் வேகம், மொத்தம் மட்டும் நீள்கிறது என்றால் பயனரின் இணைப்பு, அல்லது எப்போதோ சோதனைக்கு எழுதி மறந்த லிமிட் ரேட் வரி. இரண்டாவதை முதலில் தேடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

## அறிகுறி 7: ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குத் தெரிகிறது

இதற்கு மட்டும் நாங்கள் முதலில் சொன்னது பொருந்தாது. உடனே அந்த லொக்கேஷனில் கேஷை நிறுத்துங்கள், சேமித்ததைத் துடையுங்கள், சிடிஎன்னிலும் துடையுங்கள், ஆராய்ச்சி அப்புறம். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் நடந்தது இதுதான். சேவை மறுப்புத் தாக்குதலின்போது அவசரமாகப் போட்ட கேஷ் விதி தவறாகி, சுமார் 34,000 பயனர்களின் பக்கங்கள் மற்றவர்களுக்குப் போயிருக்கக்கூடும் என்று வால்வ் நிறுவனமே அறிவித்தது.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, மேலே சொன்ன செட்-குக்கி, கேஷ்-கன்ட்ரோல் தலைப்புகளைக் கண்மூடித்தனமாக இக்னோர் செய்த வரி. இரண்டு, ‘ஆத்தரைசேஷன்’ தலைப்போடு வரும் கோரிக்கைகள். பகிர்வுக் கேஷ் இவற்றின் பதிலைச் சும்மா சேமிக்கக்கூடாது என்று விதி சொல்கிறது, ஆனால் என்ஜின்எக்ஸ் தானாக அதைப் பார்க்காது. நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதும்போது புராக்சி கேஷ் பைபாஸ், புராக்சி நோ கேஷ் இரண்டும் வேண்டும். பைபாஸ் என்றால் கேஷிலிருந்து எடுக்காதே என்று மட்டுமே பொருள். வந்த பதிலை அது சேமித்துக்கொண்டுதான் இருக்கும். பைபாஸை மட்டும் எழுதி நிம்மதியாக இருப்பவர்கள், உள்நுழைந்தவரின் பக்கத்தை உள்நுழையாதவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது ஒரு வினோதம்: இரண்டு தளங்கள் ஒரே அப்ஸ்ட்ரீம் பெயரையும் ஒரே கேஷ் சோனையும் பகிர்ந்தால், இயல்பான கீயில் இருப்பது பயனர் கேட்ட ஹோஸ்ட் அல்ல, புராக்சி ஹோஸ்ட். இரண்டு தளத்தின் லோகோவும் ஒரே பாதையில் இருந்தால் முதலில் கேட்கப்பட்டது இரண்டிலும் தெரியும். கீயில் ஹோஸ்ட் மாறியைச் சேருங்கள்.

## அறிகுறி 8: மூலச் சர்வர் படுத்தால் கேஷும் 502 காட்டுகிறது

யூஸ் ஸ்டேலில் ‘எரர்’, ‘டைம்அவுட்’, ‘எச்டிடிபி 500’, ‘502’, ‘503’, ‘504’ ஆகியவற்றைச் சேருங்கள். சேர்த்தும் 502 வந்தால் பழைய பிரதி வட்டில் இல்லை. இன்ஆக்டிவ் மறுபடி கைவரிசை காட்டியிருக்கிறது. புராக்சி கனெக்ட் டைம்அவுட்டின் இயல்பு 60 விநாடி; பழையதைக் காட்டத் தொடங்கவே ஒரு நிமிடம் ஆகாமல் இருக்க 2 அல்லது 3 விநாடிக்கு இறக்குங்கள்.

## அறிகுறி 9: சிலருக்கு மட்டும் குப்பை எழுத்து, அல்லது எழுத்துரு ஏறவில்லை

குப்பை எழுத்து வந்தால், மூலச் சர்வர் ஜிசிப் முறையில் சுருக்கிய பதிலை ‘வேரி: அக்செப்ட்-என்கோடிங்’ இல்லாமல் அனுப்பியிருக்கிறது. ஜிசிப் கேட்காத நிரலுக்கும் சுருக்கிய பிரதி போகிறது. மூலச் சர்வரில் ஜிசிப் வேரி ஆன் செய்யுங்கள். அல்லது அக்செப்ட்-என்கோடிங் தலைப்பை வெறுமையாக அனுப்பி, சுருக்கும் வேலையைக் கேஷ் சர்வரே செய்யட்டும்.

எழுத்துரு ஒரு தளத்தில் வந்து மற்றதில் தடுக்கப்பட்டால், ‘அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்’ தலைப்பில் முதலில் கேட்ட தளத்தின் பெயர் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும். எல்லோருக்கும் பொதுவான எழுத்துருவுக்கு அதில் நட்சத்திரக் குறி போடுவதே எளிது. தளத்துக்குத் தளம் வேறு பதில் தேவை என்றால் ‘வேரி: ஆரிஜின்’ அனுப்புங்கள். சரிசெய்த பிறகு அந்த எழுத்துருக் கோப்புகளை மட்டும் கேஷிலிருந்து நீக்கி, பெயரையும் மாற்றுங்கள். உலாவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் பழைய தலைப்பை நீங்கள் எட்டித் துடைக்க முடியாது.